பூங்கோதை எந்த ஊரில் இருக்கிறாள்?

வேலைக்குக் கிளம்ப பூங்கோதைக்குச் செருப்பு தேவையில்லை. காலையில் மகள் செவ்வந்திக்கு இட்லி ஊட்டி, தலை பின்னி, ராணுவக் குடியிருப்பின் மழலையர் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். கூடத்து மூலையில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கையுறைகளை மாட்டுவாள். தலைக்கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு மோவாய்ப் பட்டையை இறுக்குவாள். அவ்வளவுதான். அடுத்த மூச்சை அவள் குடியாத்தத்தில் விடுவாள்.

வீடு இருந்தது அசாமில், தேஜ்பூரில். கணவன் தணிகாசலம் ஹவில்தார். அவனுடைய படைப்பிரிவு இன்னும் மேலே, பனி விழும் எல்லை மலையில் இருந்தது. அங்கே குடும்பங்கள் போக முடியாது. அதனால் மனைவி மக்களுக்குக் கீழே தேஜ்பூரில் வீடு கொடுத்திருந்தார்கள். மாதத்தில் ஒருமுறை, வண்டி கிடைத்து வானிலையும் இடம் கொடுத்தால், தணிகாசலம் இறங்கி வந்து ஓர் இரவு தங்கிவிட்டுப் போவான்.

வேலை இருந்தது குடியாத்தத்தில், அரசு மறுவாழ்வு மையத்தில். பக்கவாதம் வந்தவர்களையும் விபத்தில் இடுப்பு முறிந்தவர்களையும் திரும்ப நடக்க வைக்கும் இயன்முறை மருத்துவர் அவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக ஆறு வருடம் அங்கே நேரில் வேலை பார்த்தவள். தணிகாசலத்தை அசாமுக்கு மாற்றியபோது, பட்டாளத்தானைக் கட்டிய அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி அவளுக்கும் வந்தது. வேலையா, குடும்பமா? பெரும்பாலும் வேலைதான் போகும். அந்த வருடம்தான் அரசாங்கம் அவர்களுக்குக் கூடு கொடுத்தது.

தயாரித்தவர்கள் அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஆள் உயர இயந்திரம், துணி போர்த்திய உடம்பு, மெத்தென்ற விரல்கள், முகமிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த சனம் அதைக் கூடு என்றே அழைத்தது. தேஜ்பூரில் பூங்கோதை கையை மடக்கினால் குடியாத்தத்தில் கூடு கையை மடக்கும். உட்கார்ந்தபடியே பாதங்களை மாற்றி மாற்றி அழுத்தினால் கூடு நடக்கும். கூட்டின் உள்ளங்கையில் ஒரு நோயாளியின் முழங்கால் நடுங்கினால் அந்த நடுக்கம் இங்கே அவள் உள்ளங்கையில் தெரியும். நோயாளிமேல் இருக்கும் கவனம் சிதறக் கூடாது என்பதால் கவசம் வெளிச் சத்தத்தை முழுக்க அடைத்துவிடும்.

மையத்தில் அவளுடைய பழைய வெள்ளைக் கோட்டையே கூட்டுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். சட்டைப்பையில் பெயர் அட்டை. முதல் வாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம், "டாக்டரம்மா, இந்தக் கால் மட்டும் மரத்துப்போன மாதிரி கீது" என்று வழக்கம்போல முறையிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சிக்கல் முதலில் வந்தது உரிமத்தில். தேஜ்பூருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது அந்த மாநிலத்து உரிம வாரியத்திலிருந்து அழைத்தார்கள். இந்த மாநிலத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தால் இந்த மாநில உரிமம் வேண்டுமாம். ராணுவக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. வேறு மாநிலத்து உரிமத்தை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதற்கு இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பூங்கோதைக்கு இங்கே ஒரு நோயாளிகூடக் கிடையாது. உரிமம் வாங்கவும் வழியில்லை, வாங்காமல் வேலை பார்க்கவும் வழியில்லை.

விசாரிக்க வந்தவர் மாளவிகா போரா. வாரியத்தில் சேரும் முன் இருபது வருடம் இதே வைத்தியம் பார்த்தவர். அசாம் பெண்கள் உடுத்தும் மேகலா சாதரும் கையில் குடையுமாக வந்தார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் சும்மா உட்கார்ந்து பாக்கறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாலையில் பூங்கோதை கவசத்தைக் கழற்றியபோது போரா தரையில் உட்கார்ந்து, பள்ளியிலிருந்து வந்திருந்த செவ்வந்திக்குக் காகிதத்தில் காண்டாமிருகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை தோளைத் தொட்டேன்," என்றார்.

பூங்கோதை பதறிப்போனாள். "மன்னிச்சுக்கங்க. எனக்கு எதுவும் கேக்கல."

"கேக்காதுன்னு தெரியும். உங்க கை காத்துல ஒரு ஆளைப் புடிச்சிருந்துச்சு. எப்படிப் புடிக்கணுமோ அப்படிப் புடிச்சிருந்துச்சு. ஆனா நீங்க இங்க இல்ல." போரா எழுந்து சாதர் மடிப்பைத் தட்டிக்கொண்டார். "இங்க இல்லாத ஆளுக்கு நான் எதுக்கு உரிமம் குடுக்கணும்? நீங்க தொழில் செய்யற இடம் உங்க ஊர்தான்னு எழுதிடறேன். உங்க ஊர் உரிமமே போதும்."

பூங்கோதை அன்று சேமியா பாயசம் வைத்தாள். போனில் தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தான். "அரசாங்கமே சொல்லிடுச்சு, எம் பொண்டாட்டி என்கூட இல்லன்னு. நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"மலையில பனிக்கரடிதான் கெடைக்கும். பண்ணிக்குங்க."

அதன்பிறகு ஒன்றரை வருடம் நன்றாகவே போனது. செவ்வந்திக்கு நாலு வயது முடிந்தது. மதியம் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் தன் பாட்டுக்கு விளையாடுவாள். பக்கத்து வீட்டு மன்ப்ரீத் தன் கதவையும் இவர்கள் கதவையும் திறந்து வைத்து இரண்டு வீட்டையும் ஒரே வீடாகப் பார்த்துக்கொள்வாள். கவசம் போட்டிருக்கும்போது அம்மாவைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தை எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால், "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று நாற்காலியில் இருக்கும் அம்மாவைக் காட்டியே சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பூங்கோதையும் சிரித்திருக்கிறாள்.

குடியாத்தத்தில் அப்போது அவளிடம் கன்னியப்பன் என்று ஒரு லாரி டிரைவர் வந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன மனிதர். பெரிய உடம்பு. இத்தனை நாளும் இரண்டு பக்கக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே நடந்தவர், அன்று மதியம் முதல்முறையாகக் கம்பியை விட்டார். கூட்டின் முன்கையில் தன் கனம் முழுவதையும் சாய்த்து ஓர் அடி வைத்தார்.

"உடாத டாக்டரம்மா. உட்டா அவ்ளோதான்."

"விடமாட்டேன். கண்ண கீழ வெக்காதீங்க. என்னப் பாருங்க."

அப்போது பூங்கோதைக்குத் தன் முழங்காலில் எதுவோ பட்டது. மிக லேசாக, தூக்கத்தில் யாரோ போர்வையை இழுப்பதுபோல. மறுபடி இழுத்தது. இந்த முறை விடாமல் இழுத்தது. அது யாருடைய கை என்பதும், அந்தக் கை சும்மா இழுக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கவசத்தைக் கழற்றினால் கூடு நின்ற நிலையில் விறைத்துவிடும். கன்னியப்பன் சரிவார். பிடித்துக்கொள்ள அந்த அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவருடைய இடுப்பெலும்பு தாங்காது. தாங்கினாலும், அந்தப் பயத்துக்குப் பிறகு அவர் கம்பியை விடவே மாட்டார். அவரை உட்கார வைக்க வேண்டிய நாற்காலி எதிர்ச் சுவர் பக்கம் இருந்தது. பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு அவரை நடத்திப் போனாள். அவசரப்படுத்த முடியாது. அவர் ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்துத்தான் வைத்தார். முழங்காலில் இழுத்த கை ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நாற்காலியில் அவரை உட்கார வைத்த அதே நொடியில் அவள் கவசத்தைப் பிடுங்கி எறிந்தாள்.

அவள் முழங்காலில், புடவையில் எல்லாம் ரத்தம். செவ்வந்தி மன்ப்ரீத்தின் தோளில் இருந்தாள். அலமாரியில் ஏறி வழுக்கி, மோவாய் அலமாரி விளிம்பில் மோதிப் பிளந்திருந்தது. மன்ப்ரீத் துண்டை மடித்து அழுத்திப் பிடித்திருந்தாள். குழந்தையின் அழுகை ஓய்ந்து விக்கல்தான் மிச்சமிருந்தது. பூங்கோதை கையை நீட்டினாள். செவ்வந்தி வரவில்லை. கோபத்தில் அல்ல, அம்மா வந்துவிட்டாள் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"அம்மாவக் கூப்பிட்டேன்," என்று மன்ப்ரீத்தின் காதில் சொன்னாள். "அம்மா ஊர்ல இருந்தா."

ராணுவ மருத்துவமனையில் தையல் போட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தொடர்ந்து காய்ச்சல் வந்ததில் பூங்கோதையிடம் மிச்சமிருந்த தற்செயல் விடுப்பு எல்லாம் கரைந்தது.

திரும்ப வேலைக்குப் போன அன்று கன்னியப்பன் கேட்டார். "அன்னிக்கி இன்னாமா ஆச்சு? கூடு அப்டியே மரமா நின்னுபோச்சே."

சொன்னாள்.

"என்னக் கீழ போட்டுட்டுப் போயிருக்கலாம்மா."

"போட்டிருந்தா நீங்க மறுபடி எந்திரிச்சிருக்க மாட்டீங்க."

"அது வாஸ்தவம்," என்றார். கூட்டின் துணிக் கையைத் தன் நல்ல கையால் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டல் தேஜ்பூரில் பூங்கோதையின் கையில் தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் தணிகாசலத்துக்கு உத்தரவு வந்தது. ஐ.நா. அமைதிப்படையோடு ஒரு வருடம் ஆப்பிரிக்கா. போவதற்கு முன் பத்து நாள் விடுப்பு.

படைவீரர் வெளிநாட்டுப் பணிக்குப் போகும் முன் விடுப்பில் வந்தால், கணவனோ மனைவியோ மாநில அரசு ஊழியராக இருந்தால் அவர்களுக்கும் அதே நாட்களுக்குக் குடும்ப விடுப்பு உண்டு. பழைய விதிதான். பூங்கோதை விண்ணப்பித்தாள். சென்னையில் தொலைப்பணியாளர் ஆணையகம் இரண்டே வரியில் மறுத்தது. கூடு வழியாக வேலை பார்ப்பவர்கள் ஏற்கெனவே கணவருடைய ஊரில் குடும்பமாக வசிக்கிறார்கள். சேர்ந்து வாழ்பவர்கள் சேர்வதற்கு எதற்கு விடுப்பு?

அந்த வாரம் தணிகாசலம் கீழே வந்திருந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டான்.

"அந்தப் பத்து நாளும் நீங்க இங்க இருப்பீங்க. நான் அந்த மூலையில குந்திக்கினு குடியாத்தத்துல இருப்பேன்," என்றாள் பூங்கோதை.

"அஞ்சு மணிக்கு மேல வந்துடுவ இல்ல?"

"வருவேன். ஒடம்பு நொந்து, பேச்சு வராம வருவேன். போன தடவ நீங்க வந்தப்ப சாப்பிடும்போதே தூங்கிட்டேன்."

அவன் மறுக்கவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, "வேலைய வேணா உட்டுடறியா கோதை? நான் சொல்லல. கேக்கறேன்," என்றான்.

"கன்னியப்பன் இன்னும் மாடிப்படி ஏறல," என்றாள் அவள். அதுதான் பதில். அவனுக்கும் புரிந்தது. "அப்ப மேல்முறையீடு போடு," என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான்.

மேல்முறையீட்டு விசாரணை சென்னையில். பூங்கோதை தன் நாற்காலியிலிருந்தே போனாள். ஆணையகத்தில் வருகிறவர்களுக்கென்று ஒரு பழைய கூடு வைத்திருந்தார்கள். அதன் முழங்கை மடக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. ஆணையர் வேதரத்தினம் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கூடு உள்ளே நுழைந்ததும் "வாங்கம்மா, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அவர்மேல் இருந்த பயம் அதோடு கொஞ்சம் குறைந்தது.

"உங்க மனுவ படிச்சேன்," என்றார். "இந்த விதிய எழுதுனது நான்தான்மா. ஏன் எழுதினேன்னு சொல்லிடறேன். கூடு வர்றதுக்கு முன்னால வருஷா வருஷம் எத்தனையோ நர்சுங்க, டீச்சருங்க, புருஷன் பட்டாளத்துல இருக்காருன்னு வேலைய விட்டுட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணுங்க குடும்பத்தோட இருந்துகிட்டே வேலையும் பாக்கட்டும்னுதான் இத கொண்டாந்தோம். குடும்ப விடுப்புங்கறது பிரிஞ்சிருக்கறவங்க சேர்றதுக்கு. நீங்கதான் சேந்தே இருக்கீங்களே."

"ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் இல்ல சார்."

"உடம்பு வீட்டுலதானேம்மா இருக்கு?"

"இருக்கு சார். எம் பொண்ணு கூப்பிட்டா அது திரும்பிப் பாக்காது." அவள் குரல் ஏறவில்லை. செவ்வந்தி விழுந்ததையும், கன்னியப்பன் கையில் சாய்ந்திருந்ததையும் நடந்தது நடந்தபடி சொன்னாள். "நான் அன்னிக்கி செஞ்சது தப்புன்னு நினைக்கல சார். மறுபடி நடந்தாலும் அதத்தான் செய்வேன். அதனாலதான் விடுப்பு கேக்கறேன். அந்தப் பத்து நாளாவது எம் பொண்ணும் அவரும் கூப்பிட்டா நான் திரும்பணும்."

வேதரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்த உதவியாளர் அப்போது தலையைத் தூக்கினார்.

"சார், மனுதாரர் இப்ப இருக்கற இடம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடறது? தேஜ்பூரா, குடியாத்தமா, சென்னையா?"

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் வேதரத்தினம்.

பூங்கோதை யோசித்தாள். "எனக்கே தெரியல சார். அசாம் உரிம வாரியத்துல கேட்டா, வேலை நேரத்துல நான் தேஜ்பூர்ல இல்லன்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

போரா அம்மா வந்தது, மூன்று முறை கூப்பிட்டது, இங்கே இல்லாதவளுக்கு எதற்கு உரிமம் என்று கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். வேதரத்தினம் கண்ணாடியை மெதுவாக மாட்டிக்கொண்டார்.

"ஒரு அரசாங்கம் நீங்க அங்க இல்லேங்குது. இன்னொரு அரசாங்கம் நீங்க அங்கதான் இருக்கீங்கங்குது. ஒரே ஆள், ஒரே நேரம்." மேசையை விரலால் தட்டினார். "ரெண்டும் சரியா இருக்க முடியாதே."

மனுவின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஆனா ஒண்ணு சொல்லிடணும். உங்க நன்மைக்குத்தான். வாரியம் சொல்றத நான் ஏத்துக்கிட்டா, நீங்க கணவர் ஊர்ல வசிக்கலேன்னு ஆயிடும். அப்ப அந்த வீடு உங்களுக்கு எதுக்குன்னு ராணுவத்துல யாராவது கேக்கலாம். விடுப்பு கெடச்சு வீடு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? மனுவ திரும்ப வாங்கிக்கறதுன்னா இப்பவே வாங்கிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டில்தான் செவ்வந்தி பேசக் கற்றாள். மன்ப்ரீத்தின் கதவு அந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் அந்தக் கூடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கழற்றவில்லை.

"சார், எது உண்மையோ அத எழுதுங்க," என்றாள். "வேலை நேரத்துல நான் குடியாத்தத்துலதான் இருக்கேன். கன்னியப்பன் என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு. அது நிசம். கவசத்தக் கழட்டிட்டா நான் தேஜ்பூர்ல செவ்வந்தியோட அம்மா. அதுவும் நிசம். எனக்கு ஒரே ஒரு ஊரத்தான் குடுப்பேன்னு சொன்னா, நான் எதச் சொல்றது?"

பழைய கூட்டின் முழங்கை கிறீச்சிட்டது. அவள் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வேதரத்தினம் உதவியாளரைப் பார்த்தார். "அந்தக் கட்டத்த இப்ப காலியா விடுங்க," என்றார்.

தீர்ப்பு வர நாளாயிற்று. வந்தபோது பூங்கோதை மட்டுமல்ல, அவளைப்போல எங்கெங்கோ ராணுவக் குடியிருப்புகளில் கவசம் போட்டு உட்கார்ந்திருந்த எல்லோரும் படித்தார்கள். கூடு வழியாக வேலை செய்பவர், வேலை நேரத்தில் கூடு இருக்கும் ஊரில் இருப்பவராகவே கருதப்படுவார். மற்ற நேரம் முழுவதும் தம் குடும்பம் இருக்கும் ஊரில் வசிப்பவர். ஆகவே வீட்டில் யாரும் கை வைக்க முடியாது. உரிமத்துக்கும் அதே கணக்கு. குடும்ப விடுப்பு மற்றவர்களுக்குப்போல இவர்களுக்கும் உண்டு. ஜோத்பூரிலிருந்தும் பதான்கோட்டிலிருந்தும் முன்பின் தெரியாத பெண்கள் பூங்கோதையை அழைத்துப் பேசினார்கள். ஒருத்தி பேசவே முடியாமல் அழுதுவிட்டு வைத்தாள்.

பூங்கோதையின் சொந்த விடுப்பு ஆணையில் மட்டும் ஒரு விசித்திரம் இருந்தது. கேட்டதோ பத்து நாள். கொடுத்திருந்ததோ பதினாறு. தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்து ஆணையகத்துக்குப் போன் செய்தாள். உதவியாளர் வேதரத்தினத்திடமே இணைப்பைக் கொடுத்துவிட்டார்.

"தப்பில்லம்மா," என்றார் அவர். "நீங்க வேலை பாக்கற ஊர் குடியாத்தம். கணவர் இருக்கற ஊர் தேஜ்பூர். வேற மாநிலத்துக்குப் போய்ச் சேர்றவங்களுக்கு ரயில் பயண நாள் தனியா சேக்கணும். போக மூணு, வர மூணு. விதி அப்படித்தான் இருக்கு."

"ஆனா சார், நான் கவசத்தக் கழட்டினா போதுமே. இங்கதான் இருப்பேன்."

"நீங்க எப்படிப் போறீங்கங்கறது உங்க சௌகரியம்மா. அதுல ஆணையகம் தலையிடாது." அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "பயணத்துல இருக்கற ஊழியர யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நல்லபடியா போய்ச் சேருங்க."

விடுப்புக்கு முந்தைய நாள் ஆம்பூரிலிருந்து மாற்று மருத்துவர் ஒரு பெண் மையத்துக்கு வந்தாள். நிஜ உடம்போடு வந்தவள். பூங்கோதை கூட்டிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு நோயாளியையும் அறிமுகப்படுத்தினாள். யாருக்கு எங்கே வலிக்கும், யார் பொய் சொல்வார், யாரைத் திட்டினால் நடப்பார் எல்லாம் சொன்னாள்.

"ஆப்பிரிக்காவுக்குப் போற மனுசனப் பாத்துட்டு வாம்மா," என்றார் கன்னியப்பன். "நீ வர்றதுக்குள்ள நான் மாடிப்படி ஏறிடறேன். இந்தப் பொண்ணு கையி சூடா கீது. உன் கையி மெத்துனு இருக்கும். பரவால்ல, அட்ஜஸ் பண்ணிக்கறேன்."

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் பூங்கோதையின் கைகள் தாமாகவே கையுறையைத் தேடின. அவள் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அடுக்களையில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கு லீவு போட்டிருந்த செவ்வந்தி கூடத்திலிருந்து "அம்மா" என்றாள்.

"என்னடா?" என்று திரும்பினாள்.

குழந்தை திகைத்துப்போய் நின்றாள். அம்மாவின் வேலை நாளில், வேலை நேரத்தில், ஒரே கூப்பிடலில் அம்மா திரும்புவதை அவள் பார்த்ததில்லை. என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள். "சும்மா கூப்பிட்டேன்."

அன்று முழுக்கச் சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பூங்கோதை ஒவ்வொரு தடவையும் திரும்பினாள்.

ரயில் யோசனை யாருடையது என்று பிறகு இருவருக்கும் நினைவில்லை. அம்மா இப்போது ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள் என்று பூங்கோதை சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் நானும் வருவேன் என்று செவ்வந்தி அடம் பிடித்திருக்க வேண்டும். சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். மன்ப்ரீத் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி மேல் படுக்கை செய்து கொடுத்தாள். காட்பாடியில் ஏறினார்கள். சென்னையில் தண்ணீர் பிடித்தார்கள். ஓங்கோலில் மன்ப்ரீத் சமோசா விற்றாள். இரண்டாம் நாள் ஒடிசா முழுக்க மழை. பூங்கோதை ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் எந்த ஊரிலும் இல்லை. யாரும் அவளை எழுப்பவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் ராணுவ வண்டி வந்து நின்றது. மலையில் வானிலை தெளிந்திருந்ததால் தணிகாசலத்தை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பியிருந்தார்கள். முதுகில் பெரிய பையும் கையில் ஒரு பெட்டி ஆப்பிளுமாக உள்ளே வந்தவன் கூடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நடுவில் பூங்கோதை, மடியில் செவ்வந்தி, பக்கத்தில் புளிச்சோற்றுப் பொட்டலம்.

"இன்னா கோதை இது?"

"நாங்க இன்னும் வந்து சேரல," என்றாள் பூங்கோதை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "நாளைக்குத்தான் தேஜ்பூர். ஆணையில அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க ஒரு நாள் முன்னாடி வந்துட்டீங்க."

"அப்ப நான் இன்னா பண்றது? ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்கணுமா?"

செவ்வந்தி மடியிலிருந்து இறங்கி நாற்காலி மேல் ஏறி நின்றாள். மோவாயில் தழும்பு வெளுத்திருந்தது. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நியூ ஜல்பைகுரி வந்திருக்கு," என்றாள். "ரெண்டு நிமிசம்தான் நிக்கும். சீக்கிரம் ஏறு!"

தணிகாசலம் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினான்.